மேலே எட்டு வரி, கீழே எட்டு வரி

256 × 240. ராஜபாளையம் யுவராணியை இந்த எண்ணைச் சொல்லியே அறிமுகப்படுத்திவிடலாம். குறுக்கே இருநூற்று ஐம்பத்தாறு புள்ளிகள், நெடுக்கே இருநூற்று நாற்பது வரிகள். பழைய டிவி கேம் மெஷின் ஒன்று திரைக்கு அனுப்பும் படத்தின் அளவு அது. இந்த அளவுக்காகத் தை மாதம் முழுவதும் அவர் ஊரோடு சண்டை போட்டார். ஊரும் சளைக்காமல் போட்டது.

வயது முப்பத்தாறு. சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் துணி ஆலையில் துணி சோதிக்கிறார். தறியிலிருந்து இறங்கும் துணியில் ஓர் அங்குலத்துக்குப் நெடுக்கே ஓடும் பாவு நூல் எத்தனை, குறுக்கே ஓடும் ஊடை நூல் எத்தனை என்று சின்னதொரு பூதக்கண்ணாடியை வைத்து எண்ணுவது வேலை. எண்ணிக்கை குறைந்தால் துணி திரும்பிப் போகும். அவர் நடந்து வருவது தெரிந்தால் தறிக்காரர்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்கள். "அந்தம்மா பார்த்தாலே நூலு அறுந்துரும்" என்று ஆலைக்குள் ஒரு பேச்சு உண்டு. அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொள்கிறார். கணவர் பாண்டிச்செல்வம் ராணுவத்தில், அஸ்ஸாமில் இருக்கிறார்.

டிவி கேம் அவர் வீட்டுக்கு வந்தது ஆறாம் வகுப்பு படிக்கும்போது. கேசட்டின் மேல் தொண்ணூற்றொன்பது ஆட்டம் என்று அச்சடித்திருந்தது. உள்ளே ஏழெட்டுதான், திரும்பத் திரும்ப. இரண்டு அண்ணன்கள் மெஷினைத் தொட விடமாட்டார்கள். "அந்தக் காலம் மாதிரி வருமான்னு சொல்றவங்க வீட்ல அண்ணன்மாரு இல்ல போல" என்கிறார். அடி வாங்கி, அதைத் திருப்பிக் கொடுத்து, அவர் முழுதாகக் கற்றுக்கொண்டது ஒரே ஆட்டம்தான். பச்சை விமானம் ஒன்று மேல்நோக்கிப் பறக்கும். திரையின் உச்சியிலிருந்து குண்டுகள் விழும். ஒதுங்கிக்கொண்டே சுட வேண்டும். அசல் பெயர் யாருக்கும் தெரியாது. பச்சை பிளேன் என்றால் இந்த வட்டாரத்தில் புரியும்.

இன்று அதை லேப்டாப்பில் ஆடுகிறார்கள். எமுலேட்டர் என்ற சாஃப்ட்வேரைப் போட்டால் லேப்டாப் பழைய மெஷினைப் போல நடந்துகொள்ளும். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டிவி, செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிற ஐயாதுரை, சில வருடங்களாகப் பொங்கல் லீவில் ஒரு போட்டி நடத்துகிறார். ஒரு கல்யாண மண்டபம், ஒரு பெரிய திரை, பச்சை பிளேன். அவரவர் லேப்டாப்பை அவரவர் கொண்டுவர வேண்டும். மூன்று உயிருக்குள் அதிகப் புள்ளி எடுப்பவருக்கு ஒரு வருடத்துக்குப் பட்டமும் மண்டப வாசலில் ஒரு ஃப்ளெக்ஸும்.

இதற்குக் கூட்டம் சேர்வது ஆட்டத்துக்காக இல்லை. ராஜபாளையமா ஸ்ரீவில்லிபுத்தூரா என்பதற்காக. "பால்கோவா தின்ன கைலே, பட்டன் வழுக்கும்" என்று ஒரு வரிசையிலிருந்து குரல் வரும். "நாய்க்கு மட்டும் பேரு வாங்குன ஊருலே அது" என்று அடுத்த வரிசை பதில் சொல்லும். போன வருடம் நாற்காலிகூடப் பறந்தது.

இந்தப் பொங்கலுக்கு இறுதி ஆட்டத்தில் யுவராணிக்கு எதிரே உட்கார்ந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர் விக்னேஷ்வரன். இருபத்தொன்பது வயது. ஃப்ளெக்ஸ் டிசைனர். காது குத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை ஊரில் நிற்கும் பாதி முகங்கள் அவர் கை பட்டவை. யுவராணி ஜெயித்தார். இந்தப் பட்டத்தை வாங்கிய முதல் பெண். மேடையிலிருந்து இறங்கும்போது விக்னேஷ்வரனைப் பார்த்து, "தம்பி, ஃப்ளெக்ஸ்ல என் மூஞ்சிய வெள்ளையாக்காத, இருக்கிற கலர்லயே அடி" என்று சொல்லிவிட்டு வந்தார். ஏனென்றால் போட்டி ஃப்ளெக்ஸ்களை அடிப்பது விக்னேஷ்வரனின் கடைதான்.

அங்கேதான் ஆரம்பித்தது. ஃப்ளெக்ஸில் போடுவதற்காக இறுதி ஆட்டத்தின் போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக்கொண்டிருந்தபோது, யுவராணி ஆடிய திரையில் புள்ளிக்கணக்கு ஓடும் வரிக்கு மேலே இன்னும் ஒரு பட்டை வானம் தெரிவதை விக்னேஷ்வரன் பார்த்தார். கீழேயும் ஒரு பட்டை. தான் ஆடிய திரையின் போட்டோவில் அந்த இரண்டும் இல்லை. அதில் புள்ளிக்கணக்கு உச்சி விளிம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிவப்பு வட்டம் போட்டு, போட்டிக்கான வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்றினார். கூடவே எழுதினார்:

"எனக்கு 224 வரி. யுவராணி அக்காவுக்கு 240. மேல எட்டு வரி, கீழ எட்டு வரி கூடுதல். குண்டு எனக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இது ஜெயிப்பு இல்ல, ஏமாத்து."

ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்த யுவராணி வாய்ஸ் மெசேஜில் பதில் சொன்னார். "ஏலே, சுடத் தெரியாதவன் வரி எண்ணுதான். எண்ணிக்கிட்டே இரு." அதன்பின் அந்தக் குரூப்பில் இரண்டு நாள் நடந்ததை அச்சில் போட முடியாது. முடிவில் ஐயாதுரை எல்லாரையும் அடக்கிவிட்டு ஒரு வரி போட்டார். தை மாதம் முடிவதற்குள் எது சரியான அளவு என்று நிரூபிக்க வேண்டும். 224 தான் சரி என்றால் பட்டம் ரத்து. அதுவரை ஃப்ளெக்ஸ் ஏறாது.

யுவராணிக்கு ஃப்ளெக்ஸ் ஏறாதது பெரிதாக இல்லை. ஆலையில்தான் வலித்தது. அவர் திருப்பி அனுப்பிய துணியைச் சுருட்டிக்கொண்டு ஒரு தறிக்காரர், பக்கத்தில் இருந்தவரிடம் யுவராணியின் காதில் விழும்படி சொன்னார்: "நம்ம துணிய அளக்குறாங்க. அவங்க அளவையே ஊரு சந்தேகப்படுதாம்." அளவில் ஏமாற்றுகிறவர் என்ற பேர் நின்றுவிட்டால் அந்த வேலையில் இனி எந்தத் துணியையும் அவரால் திருப்பி அனுப்ப முடியாது. பட்டம் நின்றால் பேர் நிற்கும், பட்டம் போனால் பேரும் போகும் என்று அவர் முடிவுக்கு வந்தது அன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலைக் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு ஐயாதுரையின் கடைக்குப் போனார். அங்கே ஒரு பழைய ட்யூப் டிவி கிடந்தது. படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்ட்டிகல் சர்க்யூட் போய்விட்டதால் படம் திரையின் நடுவில் ஒரு மெல்லிய கோடாகத்தான் வரும். யுவராணிக்கு அது போதும் என்று தோன்றியது. கண்ணாடியைத் திரையின் மேல் அமர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எண்ணத் தொடங்கினார். கண்ணாடிக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று நூல் நூலாகத் தெரிந்தது. துணியைப் போலவே ஓர் அங்குலத்துக்கு எண்ணி, அகலத்தால் பெருக்கினார். செய்தி பரவி ஆட்கள் கூடிவிட்டார்கள். விக்னேஷ்வரனும் வந்து கதவோரம் நின்றார்.

யுவராணி நிமிர்ந்து சொன்னார்: "குறுக்கே நானூத்தம்பதுக்குக் கிட்ட வருது. இருநூத்தம்பத்தாறும் இல்ல, நீ சொன்ன எழவும் இல்ல. நீ குரூப்புல போட்டது எல்லாம் பொய்."

விக்னேஷ்வரன் உள்ளே வந்து பிளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது.

"இப்ப எண்ணுங்கக்கா."

யுவராணி இருண்ட திரையைப் பார்த்தார்.

"சும்மா எண்ணுங்க. செல்போன் லைட் வேணா அடிக்கிறேன். இப்பவும் அம்புட்டுதான் இருக்கும். நீங்க எண்ணுனது டிவி கண்ணாடிக்கு உள்ள பூசியிருக்கிற கலர்க் கோடு. கேம் ஓடினாலும் இருக்கும், சீரியல் ஓடினாலும் இருக்கும், கரண்ட் போனாலும் இருக்கும். மெஷின் அனுப்புற புள்ளிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

கூட்டம் சிரித்தது. ராஜபாளையத்திலிருந்து யுவராணிக்குத் துணையாக வந்தவர்களும் சிரித்தார்கள். "அக்கா, அப்படியே அந்த டிவி எந்த நம்பர் நூலுன்னு பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு குரல். அதற்கு அவர், "உங்க அம்மா சேலைய எடுத்துட்டு வா, அதையும் பாத்துச் சொல்லுதேன்" என்றார். ஆனால் முகம் செத்துப் போயிருந்தது. துணியில் கண்ணுக்குத் தெரிகிற நூல்தான் துணி. திரையில் அப்படி இல்லை என்பது அதுவரை அவருக்குத் தோன்றியிருக்கவே இல்லை.

விக்னேஷ்வரன் அந்தச் சிரிப்பின் மேலேயே தன் வாதத்தை வைத்தார். மெஷின் 240 வரி அனுப்புவது உண்மைதான், அதைத் தான் மறுக்கவில்லை. ஆனால் டிவி திரையைச் சுற்றியுள்ள சட்டம் மேலே எட்டு வரியையும் கீழே எட்டு வரியையும் மறைத்துவிடும். ஆட்டத்தைச் செய்தவர்களுக்கும் அது தெரியும், அதனால் அந்த வரிகளில் முக்கியமான எதையும் வைக்க மாட்டார்கள். ஆடுகிறவன் கண்ணுக்குத் தெரிந்தது 224. எனவே எமுலேட்டரிலும் 224 தான் வைக்க வேண்டும். வெளிநாட்டு சைட் எல்லாவற்றிலும் இப்படித்தான் போட்டிருக்கிறது.

யுவராணி வீட்டுக்கு வந்து அன்று சாப்பிடவில்லை. லேப்டாப்பைத் திறந்து ஆட்டத்தை நிறுத்திவைத்து, திரையைப் படமெடுத்துப் பெரிதாக்கினார். கண்ணாடியைத் தொடவில்லை. படம் முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது என்பது அப்போதுதான் தெரிந்தது. மேகம் நாலு கட்டம், விமானம் நாலு கட்டம், ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டம். ஒரு கட்டத்துக்குக் குறுக்கே எட்டுப் புள்ளி, நெடுக்கே எட்டு வரி. கட்டங்களை எண்ணினார். குறுக்கே முப்பத்திரண்டு, நெடுக்கே முப்பது. பெருக்கினால் 256, 240. விக்னேஷ்வரன் ஏற்றிய போட்டோவை எடுத்து அதையும் எண்ணினார். நெடுக்கே இருபத்தெட்டுதான். மேல் வரிசையும் கீழ் வரிசையும் வெட்டப்பட்டிருந்தன.

இதைப் படத்தோடு குரூப்பில் போட்டார். "துணிக்கு ரெண்டு பக்கமும் கரை இருக்கும். கரைய வெட்டிட்டு, இதுதான் முழு அகலம்னு சொன்னா நான் துணியத் திருப்பி அனுப்பிருவேன்."

"டிவிதானக்கா வெட்டுது" என்று விக்னேஷ்வரன் பதில் போட்டார். "நான் வெட்டல."

அங்கே ஐயாதுரை நுழைந்தார். முப்பது வருடம் டிவி திறந்து பார்த்தவர். அமெரிக்க டிவி வேறு, நம் ஊர் டிவி வேறு என்றார். நம் ஊர் டிவி வரைகிற கோடுகள் அதிகம். அங்கே திரை கொள்ளாமல் வழிகிற படம் இங்கே திரையை நிரப்பாமலும் போகலாம். "மறையுமா மறையாதான்னு நான் வாயால சொல்ல மாட்டேன். சொன்னா ரெண்டு ஊர்ல ஒரு ஊருக்காரன் என் கடைய ஒடைப்பான். பழைய மெஷின் என்கிட்ட ஓடுற நிலைமைல இருக்கு. நல்ல ட்யூப் டிவி ஒண்ணு கொண்டு வாங்க. மாட்டிப் பார்ப்போம். தெரியுறதுதான் சரி."

யுவராணி மூன்று நாள் ட்யூப் டிவி தேடினார். அரசாங்கம் கொடுத்த இலவசக் கலர் டிவி ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. இப்போது எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஒரு வீட்டில் அதைத் துணி வைக்கும் ஸ்டூலாக்கியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் ட்யூபைக் கழற்றிவிட்டு உள்ளே கோழி அடை வைத்திருந்தார்கள். அஸ்ஸாமிலிருந்து போனில் பேசிய பாண்டிச்செல்வம்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எங்க அண்ணன் வீட்ல ஒண்ணு ஓடுதே."

யுவராணி போனை வைத்துவிட்டார்.

பாண்டிச்செல்வத்தின் அண்ணன் வீடு செட்டியார்பட்டியில். அந்த வீட்டு அண்ணி வெங்கடேஸ்வரிக்கும் யுவராணிக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. வெங்கடேஸ்வரி மகளின் சடங்குப் பத்திரிகையில் சித்தப்பா பெயர் இருந்தது, சித்தி பெயர் இல்லை. அச்சுப் பிழை என்றார்கள். யுவராணி பந்தியில் உட்காராமல், கொண்டுபோன சீர்த்தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினார். அதன்பின் ஒரே பஸ்ஸில் ஏறினாலும் இருவரும் வெவ்வேறு பக்கத்து ஜன்னலைப் பார்ப்பார்கள்.

மறுநாள் போனார். வேறு வழி இல்லை. வெங்கடேஸ்வரி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்னட்டி, பத்திரிகை இல்லாமயே வந்துட்ட?"

"ஒரு நாளைக்கு உங்க டிவி வேணும்க்கா."

அந்த டிவி சும்மா கிடக்கவில்லை. ஆட்டுக் கொட்டகையில் மாட்டியிருக்கும் கேமராவின் படம் அதில்தான் ஓடும். கீரை உருவுவதை நிறுத்தாமல் வெங்கடேஸ்வரி முழுக் கதையையும் கேட்டார்.

"உன்ன ஏமாத்துக்காரின்னு சொல்லிட்டானாக்கும்?"

"ஆமா."

"நான் ரெண்டு வருசமா சொல்லுதேன். ஒருத்தரும் குரூப்புல போடல."

"தருவீங்களா மாட்டீங்களா, அத மட்டும் சொல்லுங்க."

"தாரேன். டிவி போற இடத்துக்கு நானும் வருவேன். நீ அங்க நின்னு முழிக்கிறத நேர்ல பார்க்கணும்." கீரைக் காம்பைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஆடு ஒண்ணு காணாமப் போச்சுன்னா உன் வீட்டு வாசல்லதான் வந்து உக்காருவேன்."

தை மாதத்தின் கடைசி ஞாயிறு காலை, போர்வை சுற்றிய டிவியை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பெண்களும் லோடு ஆட்டோவின் பின்பக்கம் உட்கார்ந்து வந்தார்கள். ராஜபாளையம் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் வரை வெங்கடேஸ்வரி ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார். டிரைவரிடம், பள்ளத்தில் மெதுவாகப் போகச் சொன்னார்.

ஐயாதுரையின் கடையில் இடம் போதாது என்பதால் மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்தார்கள். பந்தி மேசை ஒன்றின் மேல் டிவி. வெங்கடேஸ்வரி பக்கத்திலேயே நாற்காலி போட்டு, ஒரு கையை டிவியின் தலையில் வைத்துக்கொண்டார். ஐயாதுரை மெஷினை எடுத்து, கேசட்டின் வாயை ஊதி, சொருகினார். மஞ்சள் வயரைப் பின்னால் குத்தினார். நீலத் திரை ஒரு முறை நடுங்கியது. பிறகு பச்சை பிளேன் வந்தது.

திரையின் உச்சியில் ஒரு கறுப்புப் பட்டை. அடியில் ஒரு கறுப்புப் பட்டை. இரண்டுக்கும் நடுவில் படம், எந்தப் பக்கமும் சட்டத்தைத் தொடாமல். புள்ளிக்கணக்கு வரிக்கு மேலே ஒரு வரிசை வானம் முழுதாகத் தெரிந்தது.

ஐயாதுரை ஒரு ஈர்க்குச்சியை எடுத்து மேலிருந்து கீழே கட்டம் கட்டமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். விக்னேஷ்வரன் கூடவே குனிந்து எண்ணினார். முப்பது.

"மேல் வரிசையப் பாருங்க" என்றார் விக்னேஷ்வரன் உடனே. அந்த வரிசையில் எழுத்தும் மேகமுமாக உடைந்த துண்டுகள் அவ்வப்போது மினுக்கிக்கொண்டிருந்தன. "குப்பை. செஞ்சவன் இது மறைஞ்சிரும்னு நினைச்சுத்தான் சுத்தம் பண்ணாம விட்டிருக்கான்."

"நினைச்சிருப்பான்" என்றார் யுவராணி. "அவன் ஊர்ல மறைஞ்சிருக்கும். இங்க மறையலல்ல? நான் ஆடிப் பழகுனது இதுலதான். எங்க அண்ணன் என் மண்டையில போட்டதும் இந்தக் குப்பைய நான் பார்த்துக்கிட்டு இருந்தப்பதான்."

ஐயாதுரை இன்ச் டேப்பை எடுத்துப் படத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளந்தார். அகலம் உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தது. விமானம் கொஞ்சம் சப்பையாக, இறக்கை நீண்டு தெரிந்தது. யுவராணியின் லேப்டாப்பில் படம் இதைவிட ஒடுக்கம். விக்னேஷ்வரனுடையது இன்னும் ஒடுக்கம். ஃப்ளெக்ஸில் புள்ளி என்றால் சதுரம்தான், அதனால் அவர் இங்கேயும் புள்ளியைச் சதுரமாக வைத்திருந்தார். இந்த மெஷினின் புள்ளி இந்த டிவியில் சதுரமே இல்லை, பக்கவாட்டில் இழுத்த புள்ளி. பேண்டேஜ் துணியிலும் பாவும் ஊடையும் ஒரே எண்ணிக்கையில் இருக்காது. கண்ணி சதுரமாக வராது. தினமும் அதைப் பார்க்கிற யுவராணிக்கும் இது தோன்றியிருக்கவில்லை.

"அகலத்துல ரெண்டு பேரும் தப்பு" என்றார் ஐயாதுரை. "ஆனா அகலத்துல யாருக்கும் எதுவும் மறையல. கேஸ் அது இல்ல. வரிதான் கேஸ். நம்ம ஊர் டிவில 240 தெரியுது. பட்டம் நிக்கும். தம்பி, அந்த வார்த்தைய எடுத்துரு."

"எடுத்துக்கிட்டேன்" என்றார் விக்னேஷ்வரன், கூட்டத்தைப் பார்த்து. "ஏமாத்து இல்ல. ஆனா ஒண்ணு. அவங்க முழுசா பார்த்து ஆடுனாங்க, நான் வெட்டுன படத்துல ஆடுனேன். இந்தா டிவி இருக்கு, மெஷின் இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு. இதுல ஆடிக் காட்டச் சொல்லுங்க. அப்ப ஒத்துக்கிறேன்."

"தேவையில்ல" என்றார் ஐயாதுரை. "முடிஞ்சு போச்சு. தாயி, நீ கிளம்பு."

யுவராணி கிளம்பியிருக்கலாம். கேட்டது கிடைத்துவிட்டது. பையைத் தோளில் போட்டும் விட்டார். அப்போது வெங்கடேஸ்வரி, டிவியின் தலையிலிருந்து கையை எடுக்காமல், யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: "ஜெயிச்சவ எதுக்கு ஓடணும்?"

யுவராணி பையை இறக்கி வைத்தார்.

"யோசிச்சுச் சொல்லு தாயி" என்றார் ஐயாதுரை. "ஆடுனா, பட்டத்துக்கும் வாரதுதான் முடிவு. பொறவு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"போடுங்க அண்ணாச்சி. முதல்ல நான்."

விக்னேஷ்வரன் உடனே ஒதுங்கி இடம் விட்டார். அதற்குக் காரணம் இருந்தது. மெஷினை ஓடவிட்டதிலிருந்தே ஆட்டத்தின் பாட்டு கொஞ்சம் இழுத்தாற்போல வருவதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நம் ஊர் டிவி நொடிக்கு ஐம்பது படம் காட்டும். லேப்டாப்பில் இருவருமே வைத்திருந்தது அறுபது. மெஷின் படத்துக்குப் படம் எண்ணித்தான் ஆட்டத்தை நகர்த்துகிறது. அதனால் இங்கே எல்லாம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக நடக்கும். வரியைப் பற்றி ஒரு மாதம் சண்டை போட்ட இருவரும் இதைப் பேசியதே இல்லை. விக்னேஷ்வரன் இப்போதும் பேசவில்லை.

யுவராணியின் கை இத்தனை வருடத்தில் லேப்டாப்பின் அறுபதுக்குப் பழகிவிட்ட கை. முதல் குண்டு விழுந்ததும் இடப்பக்கம் ஒதுங்கினார், வழக்கமான நேரத்துக்கு வலப்பக்கம் திரும்பினார். குண்டு அப்போதுதான் அங்கே வந்து சேர்ந்தது. முதல் உயிர் போனது. ராஜபாளையத்து வரிசையில் ஒருவர், "கை சூடேறட்டும்" என்றார். இரண்டாவதில் வேண்டுமென்றே தாமதித்தார். அப்போது சுடுவது பிந்தியது. எது மெதுவாக இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. மெஷினா, தானா என்று ஒரு முறை திரும்பி ஐயாதுரையைப் பார்த்தார். அந்த நேரத்தில் இன்னொரு குண்டு. மூன்றாவது உயிரில்தான் ஆட்டம் பிடிபட்டது. கொஞ்ச தூரம் நன்றாகப் போனார். பொங்கலுக்கு எடுத்த புள்ளியில் பாதியைக்கூட எட்டவில்லை.

அவர் ஆடிய நேரம் முழுவதும் விக்னேஷ்வரன் பின்னால் நின்று, விரலால் தொடையில் தாளம் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். உட்கார்ந்தார். அவரும் ஓர் உயிரைச் சீக்கிரம் இழந்தார். மீதி இரண்டில் யுவராணியைத் தாண்டிப் போனார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரிசை மேசையைத் தட்டியது. யாரோ பால்கோவாப் பெட்டியை எடுத்து யுவராணியின் முகத்துக்கு முன்னால் ஆட்டினார். அவர் அதைத் தட்டிவிட்டு விக்னேஷ்வரனிடம் போனார்.

"பாட்டு இழுக்கிறது உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

"தெரியும்."

"சொல்லல."

"நீங்க கேக்கலியேக்கா. நம்ம ஊர் டிவில தெரியுறதுதான் சரின்னு நின்னது நீங்கதான். அது காட்டிருச்சு."

யுவராணி ஐயாதுரையைப் பார்த்தார். ஐயாதுரை மஞ்சள் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "நான் யோசிச்சுச் சொல்லச் சொன்னேன் தாயி" என்றார், தலை நிமிராமல்.

வெங்கடேஸ்வரி எழுந்து போர்வையை உதறினார். "பார்த்தாச்சு. ஒரு பக்கம் தூக்கு, ஆடு கத்திக்கிட்டு கிடக்கும்."

மறுநாள் ஆலையில் அந்தத் தறிக்காரர் துணியை நீட்டியபோது யுவராணி கண்ணாடி வைத்து எண்ணினார். ஊடை குறைந்தது. திருப்பி அனுப்பினார். தறிக்காரர் எதையோ சொல்ல வாயெடுத்தார். "ஏமாத்து இல்லன்னு அவனே ஊரு முன்னாடி சொல்லியாச்சு. தோத்தது வேற" என்றார் யுவராணி. தறிக்காரர் துணியை எடுத்துக்கொண்டு போனார். முணுமுணுத்துக்கொண்டேதான் போனார்.

ஐயாதுரை குரூப்பில் புது விதி போட்டிருக்கிறார். எல்லா லேப்டாப்பிலும் 256 × 240, அகலம் டிவியில் அளந்தபடி, நொடிக்கு ஐம்பது. மாற்றி வைத்தால் வெளியேற்றம். மண்டப வாசலில் விக்னேஷ்வரனின் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. அடித்ததும் அவரே. அடுத்த போட்டி வரும் பொங்கலுக்கு. பட்டம் இருப்பதால் விக்னேஷ்வரன் நேராக இறுதி ஆட்டத்துக்கு வருகிறார். யுவராணி தகுதிச் சுற்றிலிருந்து ஆட வேண்டும்.